விலைச்சீட்டு வெட்டாத சட்டை

எங்கள் வீட்டில் கத்தரிக்கோலை ஒளித்து வைப்பவன் நான்தான். புது உடுப்பு எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் விலைச்சீட்டை யாரும் வெட்டக் கூடாது. நான் பார்த்து, சரி இது இருக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் வெட்டலாம். முப்பது வருடமாக இதுதான் சட்டம். கொண்டாட்டத்துக்குக் கோட்டு வாங்கினால் கையின் உட்பக்கம் சீட்டை மடித்து ஊசி குத்திக்கொண்டு போவேன். சாப்பிடும்போது கையை மேசையில் ஊன்ற மாட்டேன். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அதே கோட்டு கடைக்குத் திரும்பிப் போய்விடும்.

இதில் நான் கெட்டிக்காரன். ஏன் திருப்பிக் கொடுக்கிறாய் என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது. அளவு சரியில்லை என்றால் வேறு அளவு தரட்டுமா என்பார்கள். பழுது என்றால் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நான் எப்போதும் ஒரே வசனம்தான் சொல்வேன்: "தவறுதலாக வாங்கிவிட்டேன்." அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கனடாவுக்கு வந்து நான் ஒழுங்காகப் பேசப் பழகிய முதல் ஆங்கில வசனம் அதுதான் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு இதில் வெட்கம் இருந்ததில்லை. வாடகைக்கு ஒரு நிலக்கீழ் பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்த காலம் அது. பனிக்காலத்து ஜாக்கெட்டைக்கூட மார்ச் மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கடை பெரியது, நான் சின்னவன். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். பிறகு மில்லிக்கனில் வீடு வாங்கி, காரும் மாற்றி, நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

ஒரே ஒரு தடவைதான் தோற்றேன். மகளுக்கு ஏழு வயது. வகுப்புப் பிள்ளை ஒன்றின் பிறந்தநாளுக்காக ஒரு மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தேன். சீட்டைக் கழுத்துக்குள் மடித்துவிட்டு, "கவனம், ஒண்டும் பட்டிடக் கூடாது" என்று பத்துத் தரம் சொல்லி இறக்கிவிட்டேன். திரும்ப ஏற்றப் போனபோது நெஞ்சு முழுக்கச் சிவப்பு ஜூஸ். அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன்; கடைக்காரி பார்த்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினாள். வரும் வழியில் காரில், "ஒரு சாமானை ஒழுங்கா வைச்சிருக்கத் தெரியாதோ உனக்கு?" என்று கத்தினேன். பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தச் சட்டையை அவள் கறையோடேயே, கைக்குள் இறுகும் வரைக்கும் போட்டாள். பார்க்கும் நேரமெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

அந்த ஒரே மகள்தான் வளர்ந்து, நல்ல சம்பளத்தோடு இருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, மேல் அறையில் மூன்று வருடம் குந்தியிருந்து ஒரு வீடியோ கேம் செய்தாள். படம் கீறியது, சத்தம் சேர்த்தது, எழுதியது எல்லாம் தனி ஆளாக. நான் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். எனக்கு அவள் என்ன செய்கிறாள் என்று விளங்கவில்லை. முடிந்ததும் கேட்டேன், விளையாடி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று.

"ஒரு மணித்தியாலம் இருபது நிமிஷம், அப்பா."

"மூண்டு வருசமா உலை வைச்சு ஒரு கரண்டி சோறோ?" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் ஒருக்கா முழுக்க விளையாடிப் பாருங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள். மடிக்கணினியைக் கொண்டுவந்து சோபாவில் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஒரு மஞ்சள் சட்டை, கண் மூக்கு வாய் ஒன்றும் இல்லாமல் முகம் கீறாத ஒரு சின்னப் பிள்ளை. சிறுபிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றி விளையாடுகிற சாமான் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக் களைப்பில் அப்படியே நித்திரையாகிவிட்டேன். மனைவி மட்டும் அடுத்த நாள் குந்தியிருந்து முழுவதும் விளையாடினாள். எழும்பி வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். என்ன கதை என்று கேட்டேன். "நீங்களே பாருங்கோவன்" என்றாள்.

நான் பார்க்கவில்லை.

கேம் இணையக் கடையில் விற்பனைக்கு வந்த இரண்டாவது கிழமை, இரவுச் சாப்பாட்டு மேசையில் மகள் பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குள் போகவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகு சொன்னாள். அந்தக் கடையில் ஒரு சட்டம். வாங்கி இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் காசைத் திருப்பித் தருவார்கள். ஐம்பது, அறுபது மணித்தியாலம் ஓடுகிற பெரிய கேமுக்கு அது நல்ல சட்டம். வாங்கினவன் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். இவளுடையது ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். முழுக்க விளையாடி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகலாம். போகிறார்கள்.

"ஒருத்தன் ரிவ்யூ எழுதியிருக்கிறான், அழுதிட்டன், வாழ்க்கையில மறக்க மாட்டன் எண்டு. எழுதிப்போட்டு ரிட்டர்ன் பண்ணியிருக்கிறான்" என்றாள்.

"அந்தக் கடைக்காரனுக்கென்ன, அவன் பெரிய ஆள்தானே" என்றேன் வாய்ப்பழக்கத்தில்.

"கடைக்காரனுக்கு ஒண்டுமில்லை. அது என்ர பங்கில இருந்துதான் கழியிறது."

இது எனக்குப் புதிது. கடைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஆனால் அப்பன் என்றால் புத்தி சொல்லத்தானே வேண்டும். "அப்ப ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இழுத்துவிடன். அங்க இஞ்ச நடக்க விடு" என்றேன்.

"எனக்கும் தெரியும் அப்பா, கொஞ்சப் பேர் அப்பிடித்தான் செய்யினம். சும்மா நடக்க விடுவினம். என்ர கதை முடியிற இடம் ஒண்டு இருக்கு. அங்கதான் முடியும்." தட்டைப் பார்த்தபடி ஒரு வார்த்தை சேர்த்தாள். "நான் எந்த வாயால குறை சொல்லுறது? நான் இந்த வீட்டில வளர்ந்தனான்."

எனக்குச் சுருக்கென்றது. மனைவி எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனாள். அன்றைக்கே அந்த மடிக்கணினியைத் திறந்திருக்க வேண்டும். என் மண்டைக் கனம் விடவில்லை.

அவளுக்கு அதில் காசு மட்டும் பிரச்சினை இல்லை. கேம்களை வெளியிடுகிற சின்ன நிறுவனம் ஒன்று இவள் செய்ததைப் பார்த்துவிட்டு, அடுத்ததைச் செய்யப் பணம் போடலாம் என்று சொல்லியிருந்தது. ஆனால் முதல் இரண்டு மாதம் பார்ப்போம், வாங்கினவர்களில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். அவர்கள் ஓம் என்றால் இவள் தன் வேலையைத் தொடரலாம். இல்லை என்றால் சேமிப்பும் முடிந்தது, மூன்று வருடமும் போச்சு. பழையபடி எவனோ ஒருவனின் அலுவலகத்தில் போய் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஆறு கிழமை ஒருவாறு ஓடிவிட்டது. நிலைமை மோசமில்லை, தப்பலாம் போலிருக்கு என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறாள். மனைவி எனக்குச் சொன்னதில் "தப்பலாம்" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது, திருப்பிக் கொடுப்பதையும் எண்ணுவார்கள் என்பது விழவில்லை. இன்னும் கொஞ்சம் விற்றால் போதும் என்று நினைத்து நான் உதவிக்கு இறங்கினேன்.

மார்க்கம் வீதிப் பக்க மண்டபம் ஒன்றில் மச்சானுடைய மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. சனிக்கிழமை மத்தியானம், முந்நூறு பேர். என் கோட்டின் கைக்குள் சீட்டு மடித்துக் குத்தியிருந்தது. நான் மேசை மேசையாகப் போனேன். மகள் ஒரு கேம் செய்திருக்கிறாள், எல்லாரும் உங்கள் போனிலேயே வாங்குங்கோ, எப்படி என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளைக் கேளுங்கோ என்றேன். நாற்பது பேரளவில் ஆசையாகப் போனை எடுத்தார்கள்.

விலை பெரிசில்லை, இரண்டு கொத்துரொட்டிக் காசு. ஆனால் எங்கள் ஆட்களிடம் எதுவும் சும்மா வராது. கொண்டாட்டத்தில் காசு வைத்துக் கொடுக்கிற என்வலப்பில் பெயர் எழுதியிருக்கும். அதைக் கொப்பியில் பதிந்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். மகளுக்காக நான் சனத்திடம் கையேந்தினேன் என்று நாளைக்கு ஒருவர் வாய் திறக்கக் கூடாது. நாற்பது பேருக்கு நான் கடமைப்படவும் கூடாது. அதற்கு என் கையில்தான் வழி இருந்ததே.

"வாங்கிப்போட்டு நாளைக்கே திருப்பிக் குடுங்கோ. முழுக்காசும் வரும். உங்களுக்கு ஒரு சதம் நட்டமில்லை, பிள்ளைக்குக் கணக்கில நாப்பது விற்பனை கூடும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன். வாசலில் ஆளெண்ணுவது போல, உள்ளே வந்தவனை எண்ணினால் எண்ணினதுதான், அவன் பிறகு வெளியே போனால் யாருக்கென்ன என்று நினைத்தேன். காரணம் கேட்டால் என்ன போடுவது என்று ஒரு அன்ரி கேட்டா. அதையும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் போனில் எங்கள் குடும்பக் குழுவில் அந்த ஆங்கில வசனத்தை அப்படியே எழுதிப் போட்டு, கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்றும் போட்டேன். ஆட்கள் அதைப் பார்த்துக் காரணத்தை எழுதினார்கள். வேலை இலகு.

அந்த அன்ரி மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. "பிள்ளை பாடுபட்டுச் செய்தது, அது இருக்கட்டும் தம்பி. பேத்தி போட்டுக் காட்டினவள், எனக்கு விருப்பமாயிருந்தது" என்றா. நான் விடவில்லை. இரண்டு தரம் போன் எடுத்துத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். இதை எழுதும்போது என் காதுக்குள் அந்த மனுசியின் குரல் கேட்கிறது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நானும் ஒன்று வாங்கினேன். ஒரு நிமிடம்கூடத் திறக்காமல் முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்தேன். மகள் சமையலறை மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை நாப்பத்தொரு பேர் ரிட்டர்ன் பண்ணியிருக்கினம். எல்லாரும் இஞ்ச, டொரொன்டோவில."

எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது, சொன்னபடி எல்லாரும் செய்திருக்கிறார்கள் என்று. "அதுக்கு முதல் நாள் எத்தனை வித்தது, அதைப் பார்த்தனியே?" என்றேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். திருப்பிக் கொடுத்தவர்கள் சொன்ன காரணங்கள் அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. தவறுதலாக வாங்கிவிட்டேன். தவறுதலாக வாங்கிவிட்டேன். விரலால் உருட்டிக்கொண்டே போனாள், அதே வசனம் கீழே கீழே வந்துகொண்டே இருந்தது.

"இது உங்கட வசனம்" என்றாள். "சின்னனில இருந்து கவுன்டருக்குப் பக்கத்தில நிண்டு கேட்டனான். எனக்குத் தெரியாதோ?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். உனக்காகத்தான், கணக்குக் கூடட்டும் என்றுதான், ஆட்களுக்கு நாங்கள் கடமைப்படக் கூடாது என்றுதான். என் காதுக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது. திருப்பிக் கொடுத்தால் விற்றது விற்காததாகிவிடும், திருப்பிக் கொடுத்த எண்ணிக்கை மட்டும் மிஞ்சி நிற்கும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"ஒருத்தராவது முழுக்க விளையாடிப் பாத்திருக்கலாம்" என்றாள். "நீங்களாவது."

நிறுவனத்துக்கு எழுதி விளக்கினாள், குடும்பத்து ஆட்கள் விளங்காமல் செய்த வேலை என்று. அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். விளங்குகிறது, ஆனாலும் இப்போதைக்கு முடியாது, வாழ்த்துகள். அந்த நாற்பத்தொன்று இல்லாவிட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. மனைவி அப்படிச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தாள். எனக்குத் தேறவில்லை.

அந்த மாதக் கடைசியில் மகளுக்கு மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. விடியற்காலை இரண்டு பேரும் ஒரே காரில் நானூற்று ஒன்றாம் நெடுஞ்சாலையில் போகிறோம். அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. வாடகைக் காரில் வருகிறவர்கள் இருப்பது போல மரியாதையாக இருப்பாள். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் அந்தக் கேமைத் திரும்பவும் வாங்கினேன். அவள் மேல் அறையில் இருந்தாள். நான் கீழே சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எதிரில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கார் நிற்கிறது. முகம் கீறாத பிள்ளை இறங்குகிறது. மஞ்சள் சட்டை. கழுத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. அதை உள்ளே தள்ளிவிடுவதுதான் நான் செய்ய வேண்டிய முதல் வேலை. காருக்குள் இருந்து ஒரு குரல் எழுத்தாக வந்தது. கவனம், ஒன்றும் பட்டுவிடக் கூடாது.

என் கை நின்றுவிட்டது. மனைவியைப் பார்த்தேன். அவள் பயற்றங்காயைப் பார்த்தாள்.

பிறந்தநாள் வீடு. கேக் இருந்தது, பிள்ளையைத் தள்ளி நிறுத்தினேன். முகத்துக்கு வர்ணம் பூசினார்கள், கூட்டிக்கொண்டு ஓடினேன். புல்லில் எல்லாரும் உருண்டார்கள், சுவரோரம் நிற்க வைத்தேன். மேசையில் ஒரு கிளாஸில் சிவப்பு ஜூஸ் இருந்தது. கிட்டப் போகும் நேரமெல்லாம் அது கொஞ்சம் மின்னியது. எனக்குத் தெரியாதா அது என்னவென்று! கிட்டவும் விடவில்லை. இந்த முறை சட்டையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. காப்பாற்றினால் காரில் ஒருவரும் கத்தத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள், இது சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நேரம் போகப் போக அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கார் வரவில்லை.

"இது பழுது போல. முடியுதில்லை" என்றேன்.

மனைவி தலை நிமிரவில்லை. "அந்தக் கிளாஸைத் தொடுங்கோ. நீங்கள் தொடாட்டி அது முடியாது."

தொட்டேன். பிள்ளை கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தது. யாரும் தட்டவில்லை, இடறவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தானே தன் நெஞ்சில் ஊற்றிக்கொண்டது.

பிறகு கடை. தவறுதலாக வாங்கிவிட்டேன் என்கிறான் தகப்பன், கவுன்டரில் முடியாது என்று தலையை ஆட்டுகிறார்கள். திரும்பவும் கார். பின் சீட்டில் இருந்து பார்த்தால் தகப்பனின் பின்மண்டை மட்டும் தெரியும். ஒழுங்கா வைச்சிருக்கத் தெரியாதோ உனக்கு என்று நான் அன்றைக்குக் கத்தினது எழுத்து எழுத்தாக வந்தது, ஒரு சொல்கூட மாறவில்லை. பிறகு வீடு. கடைசி வேலை, கத்தரிக்கோலைத் தேடிப் பிடிப்பது. எனக்குத் தேடத் தேவையிருக்கவில்லை. நான் ஒளித்து வைக்கிற இடத்திலேயே, மேல் தட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு ஏழு வயதிலேயே தெரிந்திருக்கிறது. பிள்ளை கதிரையில் ஏறி அதை எடுத்து, சீட்டை வெட்டியது. கறைச் சட்டையைக் கண்ணாடி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் முதல் தடவையாக முகம் கீறியிருந்தது. சிரித்த முகம்.

நான் அழுதேன். மனைவி எழும்பி வந்து என் தோளில் கை வைத்தாள், அதுவும் ஈரக் கை. கொஞ்ச நேரம் கழித்து மேலே போய்க் கதவைத் தட்டினேன். மகள் கட்டிலில் இருந்து அடுத்த நாளுக்கான உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டன்" என்றேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள். "எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ரெண்டு மணித்தியாலம் நாப்பது நிமிஷம்."

"ஒருத்தருக்கும் அவ்வளவு எடுக்கேல்ல, அப்பா." இப்போது என்னைப் பார்த்தாள். "நீங்கள் அந்த ஜூஸைத் தொடேல்ல, என்ன?"

"சட்டையில பட்டிடும் எண்டு..." என்றேன்.

அவள் சட்டையை மடித்து முடித்தாள். ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"ரெண்டு மணித்தியாலம் தாண்டீட்டுது. இனி உங்களால அதைத் திருப்பிக் குடுக்கேலாது, தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து, மிசிசாகா வேலைக்காக விடிய ஐந்தரைக்கு அலாரம் வைத்தாள்.